கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருக்கிறேன். எங்கள் நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் லேமினேட் செய்த 'எஸ்பார்' அட்டை ஒன்று தொங்குகிறது. இப்போது நிலை என்ன, பின்னணி என்ன, நம் கணிப்பு என்ன, என்ன செய்யலாம் என்று நாலே கேள்வி. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை இது. ராத்திரி 2 மணிக்கு டாக்டரை போனில் எழுப்பித் திட்டு வாங்காமல் பேச அதைவிட நல்ல துணை கிடையாது.

டியூட்டி மாறும்போது ஓவர் கொடுக்க, அதாவது நோயாளிகளின் விவரம் சொல்லி அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்க மட்டும், 'ஐ-பாஸ்' என்ற முறை மேல் என்பேன். அதில் ஐந்து படிகள்: நோயாளி எவ்வளவு மோசம், சுருக்கமான விவரம், பாக்கி வேலை, 'இப்படி ஆனால் இதைச் செய்' என்ற முன்யோசனை, கடைசியாகக் கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. அமெரிக்கா, கனடாவில் 9 குழந்தை மருத்துவமனைகளில் பயிற்சி டாக்டர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் ஆய்வு வெளியானது.

அந்தக் கடைசிப் படியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். இரவு 8 மணி. வருகிறவர் சில்க் போர்டு டிராஃபிக்கில் நொந்து வருகிறார், போகிறவருக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். ஒருவர் மலையாளி, இன்னொருவர் கன்னடக்காரர், நடுவே நான் தமிழ். எண்கள் மட்டும் எல்லோருக்கும் இங்கிலீஷ். "ஆறாம் பெட், பம்ப் ஃபிஃப்டீன்ல ஓடுது" என்று மருந்து ஏற்றும் பம்பின் வேகத்தைச் சொன்னால், ஃபிஃப்டி என்று காதில் விழ எவ்வளவு நேரம் ஆகும்? "ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா?" என்று வருகிறவர் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் "ஏன், என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சில சீனியர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கினால் சுருங்கட்டும்.

இன்னொன்று, ஓவரை ஸ்டேஷனில் உட்கார்ந்து கொடுக்காமல் படுக்கை அருகே நின்று கொடுத்தால் பம்பையும் டிரிப்பையும் இருவரும் சேர்ந்தே பார்த்துவிடலாம். ஜெனரல் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் காதில் விழக்கூடாத விஷயத்தை மட்டும் தனியே சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து நிற்கும் அரை மணி நேரத்தை ரோஸ்டரில் டியூட்டி நேரமாகவே போட்டு, அதற்கும் சம்பளம் கொடுங்கள் என்று நிர்வாகங்களைக் கேட்கிறேன். அட்டையை லேமினேட் செய்வதைவிட இதில் செலவு கூடத்தான் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வார்டு சிஸ்டர்,
அல்சூர், பெங்களூரு