தீர்ப்பு வந்தா காசு வந்த மாதிரியா?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க வணிகப் பக்கத்துல அப்பப்ப "பேடன்ட் வழக்குல இத்தன ஆயிரம் கோடி அபராதம்"னு ஒரு துணுக்கு வருது (பேடன்ட்னா ஒரு கண்டுபிடிப்புக்கான காப்புரிமை), அதுக்கப்புறம் அந்தக் கேஸ் என்னாச்சுன்னு ஒரு வரி கூட வரதில்ல. முதல்ல அது அபராதமே இல்ல சார், அபராதம் அரசாங்கத்துக்குக் கட்டறது, இது எதிராளிக்குக் கொடுக்கற இழப்பீடு. என் மச்சான் மொபைல் ஆப்ல அமெரிக்க ஷேர் வாங்குறவரு, இப்படி ஒரு துணுக்க பாத்துட்டுதான் கேஸ்ல ஜெயிச்ச ஒரு சின்ன கம்பெனி ஷேர அள்ளிப் போட்டாரு, இப்ப அந்த ஆப்ப திறக்கவே மாட்டேங்கறாரு.

நெட்வொர்க் கருவிகள் செய்யற அமெரிக்க கம்பெனி சிஸ்கோ, அதோட கேஸையே எடுத்துக்கோங்க. தங்களோட நெட்வொர்க் பாதுகாப்பு பேடன்ட்ட சிஸ்கோ மீறிட்டாங்கன்னு சென்ட்ரிபீட்டல்னு ஒரு கம்பெனி கேஸ் போட்டு, 2020 அக்டோபர்ல வர்ஜீனியா ஜட்ஜ் சிஸ்கோவ 1.9 பில்லியன் டாலர் கட்டச் சொன்னாரு, அன்னைக்கு நம்ம காசுக்கு 14,000 கோடி ரூபா கிட்ட. ஆனா ஜட்ஜோட மனைவி பேர்ல 100 சிஸ்கோ ஷேர் இருந்திருக்கு, மதிப்பு 4,700 டாலர் கூட வராது. விஷயம் தெரிஞ்சதும் அவரு அத விக்காம வேற ஆளுங்க நிர்வகிக்கற ஒரு டிரஸ்ட்ல போட்டு வச்சாரு, ஆனா கேஸ விசாரிக்கறவரு குடும்பத்துல அந்தக் கம்பெனி ஷேர் இருக்கக் கூடாது, டிரஸ்ட்ல போட்டது போதாதுன்னு 2022ல அப்பீல் கோர்ட் மொத்தத் தீர்ப்பையும் தூக்கி எறிஞ்சிருச்சு. இத்தனைக்கும் அவரு தீர்ப்பு சொன்னது சிஸ்கோவுக்கு எதிரா! கேஸ் வேற ஜட்ஜ்கிட்ட போயி, 2023 டிசம்பர்ல மீறலே நடக்கலன்னு தீர்ப்பு வந்துச்சு.

விர்னெட்எக்ஸ் கதை இன்னும் மோசம், அந்தக் கம்பெனிக்கு கேஸ்தான் முக்கிய வருமானமே. விபிஎன் (இன்டர்நெட்ல பாதுகாப்பா இணையற வழி) பேடன்ட்டுக்காக ஆப்பிள் மேல 2010ல போட்ட கேஸ்ல காசு கைக்கு வந்தது 2020 மார்ச்ல, 454 மில்லியன் டாலர். அதே வருஷம் இன்னொரு கேஸ்ல ஜூரி (தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு) 502.8 மில்லியன் கொடுக்கச் சொல்லிச்சு, சரி அதுவும் வந்துரும்னு நம்பினவங்க நெலம என்ன, அந்த பேடன்ட்டே செல்லாதுன்னு பேடன்ட் ஆபீஸ் சொன்னத 2023ல அப்பீல் கோர்ட் ஒத்துக்கிச்சு, 502 மில்லியனும் போச்சு. இங்கதான் நெறைய பேரு ஏமாறுறாங்க, கோர்ட்ல ஒரு பக்கம் கேஸ் ஓடறப்பவே பேடன்ட் ஆபீஸ்ல இன்னொரு பக்கம் அந்த பேடன்ட்டோட உயிருக்கே போராட்டம் நடக்கும், ஆனா நம்ம துணுக்குல கோர்ட் மட்டும்தான் இருக்கும்.

பயந்து வித்தவங்களும் இருக்காங்க. சிஸ்கோவோட போட்டி கம்பெனி அரிஸ்டா 2014 ஜூன்ல ஐபிஓ மூலமா ஷேர் மார்க்கெட்டுக்கு வந்து ஆறே மாசத்துல சிஸ்கோ அவங்க மேல கேஸ் போட்டுச்சு, நடுவுல அரிஸ்டாவோட சில நெட்வொர்க் சுவிட்சுகள அமெரிக்காவுக்குள்ள கொண்டு வரவே தடை கூட வந்துச்சு, கடைசில 2018ல 400 மில்லியன் கொடுத்து ராஜியாயிட்டாங்க. அந்த வருஷம் அவங்க விற்பனையே 2 பில்லியனுக்கு மேல. கேஸ் நியூஸ பாத்து அன்னைக்கே வித்துட்டு ஓடினவங்க இப்ப அந்த ஷேர் விலைய பாத்தா வயிறு எரியும்.

அதனால இனிமே இந்த மாதிரி துணுக்கு போட்டா கூடவே ஒரு வரி, கேஸ் எந்தக் கட்டத்துல இருக்கு, அப்பீல் இருக்கா, கட்டச் சொன்ன தொகை கம்பெனியோட வருஷ விற்பனைல எவ்வளவு, இத மட்டும் போடுங்க சார். இதெல்லாம் நான் சொன்னா மச்சானுக்கு ஏறாது, பேப்பர்ல வந்தாதான் நம்புவாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை