ஹோல்ட்பியின் தண்ணீர்ப் போத்தல்

ஸ்காபரோ,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை.

மகன் கிரிக்கெட் அணியில் பன்னிரண்டாவது ஆளாகவே இருக்கிறான், வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். வாசித்ததிலிருந்து மனம் அதையே சுற்றுகிறது. என் சின்னவளும் இரண்டு வருடமாக ஐஸ் ஹொக்கியில் இரண்டாவது கோல் காப்பாளர்தான். முழு உடுப்பும் கால் பட்டைகளும் மாட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் இருப்பாள். உடம்பு குளிர்ந்து விறைத்துப் போயிருக்கும். திடீரென்று போ என்பார்கள். அநேகமாக ஆட்டம் கைவிட்டுப் போகிற நேரமாகத்தான் அது இருக்கும்.

உனக்கு பிரேடன் ஹோல்ட்பியின் கதையைச் சொல்ல வேண்டும். வோஷிங்டன் கெப்பிட்டல்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளராக இருந்தவர். 2015-16 பருவத்தில் 48 வெற்றிகள், ஒரே பருவத்தில் அதிக வெற்றி என்ற கோல் காப்பாளர் மார்ட்டின் புரோடரின் சாதனைக்குச் சமம். சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருதும் அவருக்கே. இரண்டே வருடத்தில், 2018 பிளேஓவ், அதாவது பருவ முடிவில் ஸ்டான்லி கிண்ணத்துக்காக நடக்கும் தொடர்கள், தொடங்கும்போது, அதே மனிதர் பெஞ்சில். பயிற்சியாளர் அவருக்குப் பதிலாக மற்றக் கோல் காப்பாளர் குருபவரை வலையில் நிறுத்தினார். முதல் சுற்றில் கொலம்பஸ் அணிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் குருபவர் நான்கு கோல் விட்ட பிறகுதான் ஹோல்ட்பியைக் கூப்பிட்டார்கள். அன்றும் மேலதிக நேரத்தில் தோல்வி. அந்தக் கடைசிக் கோல் போனது இவரைத் தாண்டித்தான். அங்கேயே உடைந்திருக்கலாம். ஆனால் அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்றார்கள். பிறகு இன்னொரு சுற்றில் தம்பா பே அணியுடன் ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், 3-2 என்று முன்னிலை, இரண்டு நிமிடமளவில்தான் மிச்சம். எதிரணியான வேகாஸின் அலெக்ஸ் டக்குக்கு முன்னால் வலை திறந்து கிடந்தது. ஹோல்ட்பி குறுக்கே பாய்ந்து மட்டையால் மறித்தாரே, அதை இன்றைக்கும் போட்டுப் பார்ப்பேன். அந்த ஜூனில் வோஷிங்டனுக்கு முதல் ஸ்டான்லி கிண்ணம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய தண்ணீர்ப் போத்தல். ஆட்டத்துக்கு நடுவில் தண்ணீரை மேலே பீச்சுவார். ஒரு துளியைத் தெரிவு செய்து, அது விழும்வரை கண்ணால் பின்தொடர்வார். ஒரு விளையாட்டு உளவியலாளருடன் பல காலம் வேலை செய்து பழகியது. போன கோலும் வரப்போகிற கோலும் அந்த ஒரு கணம் தலைக்குள் இருக்காது, கண் மறுபடி பக்கை, பந்துக்குப் பதிலாக இருக்கும் அந்த ரப்பர் வட்டை, பார்க்கத் தயாராகிவிடும்.

நானோ பிள்ளைக்குப் பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லியே ஒரு வருடத்தைப் போக்கிவிட்டேன். பயப்படுகிற பிள்ளைக்கு அது எதற்கு உதவும்? பார்ப்பதற்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை 4-1 என்று பின்தங்கியிருக்கும்போது இறக்கினார்கள். வந்த முதல் அடியே உள்ளே. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் திரும்பி, வலைக்கு மேலிருந்த போத்தலை எடுத்து, ஒருமுறை மேலே பீச்சினாள். அதற்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை. ஆட்டம் தோல்விதான். காரில் வரும்போது, "கை நடுங்கினது அப்பா, ஆனா பக் தெரிஞ்சது" என்றாள்.

உன் மகனுடன் கதைக்க வேண்டுமாம் அவளுக்கு. அவனுக்கு விருப்பமென்றால், உங்கள் ஞாயிறு மாலை, எங்கள் காலையில் எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்