காசநோய் மருந்தோடு பீடியை நிறுத்தும் மருந்தும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சிகரெட் பெட்டியிலும் சினிமாத் திரையிலும் அதைத்தான் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு ஆண்களைப் புகை அதிகமாகக் கொல்வது காசநோய் வழியாகவும் மாரடைப்பு, பக்கவாதம் வழியாகவும்தான். காசநோயைப் பற்றி டீக்கடையில் பீடி வாங்குகிற யாருக்கும் நாம் சொல்லவே இல்லை.

இதைக் கண்டறிந்த ஆய்வு நம் மண்ணிலேயே நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடு இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். சென்னை டாக்டர் கஜலட்சுமி, ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்ட குழுவினர் 2003-ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டனர். 25 முதல் 69 வயதுக்குள், புகைபிடித்தவர்கள் காசநோயால் இறந்த விகிதம் மற்றவர்களைப்போல நகரத்தில் 4.5 மடங்கு, கிராமத்தில் 4.2 மடங்கு. புகையால் கூடுதலாக நிகழ்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு சுவாச நோய்கள், அதிலும் பெரும்பாலும் காசநோய். இன்னொரு பங்கு இதயமும் ரத்தக்குழாயும். புற்றுநோய் 11 சதவீதம். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையும் ஒரு காரணம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இது ஒரு சுவரொட்டியாகக்கூட ஊருக்குள் வராதது பெரிய குறை.

காரணம் புரியாத விஷயமில்லை. மூச்சுக்குழாயின் உட்புறம் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை இடைவிடாமல் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவிடும். அதையும் தாண்டிக் காற்றறைக்குள் போகும் கிருமியை விழுங்கி அழிக்கும் செல்களும் புகையில் வலுவிழந்துபோகும். காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் நோயாக மாறாமல் அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் காவலைத்தான் புகை தளர்த்துகிறது.

“பீடி வெறும் இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஒரு பீடியில் இருக்கும் புகையிலை சுமார் 0.2 கிராம்தான், உண்மை. ஆனால் பீடி இலை வழியே காற்று எளிதில் புகாது. நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால் அணைந்து போயிருக்கும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தார், நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு மூன்றுமே சிகரெட்டைவிட அதிகமாக உள்ளே போகின்றன. பீடி பிடிக்கும் ஆண்களுக்குச் சுமார் 6 ஆண்டும் பெண்களுக்குச் சுமார் 8 ஆண்டும் ஆயுள் குறைவதாக 2008-ல் வெளிவந்த இந்தியா முழுமைக்குமான ஆய்வு சொல்கிறது. அப்படியிருக்க, 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது வேதனை தருகிறது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்புக்கு வேறு வழியில் கைகொடுக்கலாம். பீடியை மலிவாக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி, நடைமுறையில் எங்கே தவறுகிறது என்று சொல்கிறோம்.

புகைபிடிப்பவருக்குக் காலையில் இருமல் இருந்துகொண்டே இருக்கும். காசநோய் இருமல் தொடங்கும்போது அதையும் “பீடி இருமல்” என்று தள்ளிவிடுவார். மாதக்கணக்கில் போய், எடை குறைந்து, சளியில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார். அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவியிருக்கலாம். பழைய இருமலே ஆனாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். சளியைக் கொடுப்பதில் பலர் தவறுகிறார்கள்: டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தால் நோய் இருந்தும் “இல்லை” என்று முடிவு வரும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி வரும் கெட்டியான சளியைத் தர வேண்டும். வீட்டுக்குள் துப்பாமல், திறந்த வெளியில் எடுப்பது நல்லது.

நோய் உறுதியானால் ஆறு மாத மருந்து. இந்த ஆறு மாதமும் புகைத்துக்கொண்டே இருந்தால் சளியில் கிருமி மறையத் தாமதமாகும், குணமான பிறகும் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். அதனால் மருந்து தொடங்கும் நாளிலேயே பீடியை நிறுத்துவதும் சிகிச்சையில் ஒரு பாதி என்று சொல்லிவிட வேண்டும். அத்தோடு விட்டுவிடாமல், மாதாமாதம் மருந்து வாங்க வரும்போது கேட்க வேண்டும். ஒரு நிமிடம் போதும்.

சும்மா “விட்டுவிடு” என்றால் விட முடியாது. பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை முதல் மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். இதைத் தாண்ட நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்ற வைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். முதல் ஆறு வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு மெல்லக் குறைத்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். பலர் இதைப் பபுள்கம் போல மென்று சாற்றை விழுங்கிவிட்டு, “விக்கல் வருது, வயிறு எரியுது, ஆசையும் போகலை” என்று தூக்கி எறிகிறார்கள். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் டீ, காபி கூடாது. குடித்தால் வாயில் மருந்து ஏறாது.

மாத்திரை எழுதும் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையை விடத் தரப்படும் புப்ரோபியானின் அளவை, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். காசநோயாளிக்குச் சூயிங்கமே பொருத்தம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பீடியை விட்ட முதல் சில வாரம் சளி கூடுதலாக வரலாம். முடங்கிக் கிடந்த மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால் வருவது அது. “விட்டதால்தான் இருமல் ஜாஸ்தியாச்சு” என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைப்பவர்கள் நிறைய. ஆனால் கூடவே காய்ச்சலோ ரத்தமோ எடைக்குறைவோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அரசிடம் கேட்பது இவ்வளவுதான். காசநோய் மருந்து தரும் எல்லா இடத்திலும் நிக்கோட்டின் சூயிங்கம் தட்டுப்பாடு இல்லாமல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பீடிக் கட்டின் எச்சரிக்கையில் காசநோய் இடம்பெற வேண்டும். கட்டைப் பிரித்து ஒன்றிரண்டாக விற்பதைத் தடுக்க வேண்டும். உதிரியாக வாங்குபவர் எந்த எச்சரிக்கையையும் பார்ப்பதில்லை. பெட்டிகளில் அச்சாகும் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணை ஒவ்வொரு காசநோயாளியின் சிகிச்சை அட்டையிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
காசநோய்ப் பிரிவு மருத்துவர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.