செலவுச் சீட்டையும் காட்டுங்கள்: ஒன்லைன் வருமான வகுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணினி நிலையங்கள் நடத்துவோருக்கும் அங்கு கற்பிப்போருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பேஸ்புக்கில் மலிவாக விளம்பரம் வாங்கு, ஆட்களை உன் இணையத்தளத்துக்குக் கொண்டுவா, அங்கே கூகுள் அட்சென்ஸ் (தளத்தில் விளம்பரம் காட்டுவோருக்குக் கூகுள் காசு தரும் சேவை) விளம்பரத்தைக் காட்டு, மிஞ்சுவது இலாபம். ஆர்பிட்ராஜ் என்று பெயர் சொல்லி நீங்கள் கற்பிக்கும் இந்த முறை தன்னளவில் களவல்ல. மலிவாக வாங்கிக் கூட்டி விற்பதை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். நாங்கள் இணைய விளம்பரம் வாங்குவதையும் இடம் விற்பதையும் தொழிலாகச் செய்பவர்கள். உங்கள் பாடத்தில் வரவு இருக்கிறது, செலவு இல்லை. அதனால்தான் இந்த மடல்.

கணக்கைப் பலகையில் எழுதிப் பாருங்கள். ஒரு கிளிக் 1 அமெரிக்கச் சதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிளிக்குக்கு 10 டொலர். அழுத்திய எல்லோரும் வந்து சேர்வதில்லை. பக்கம் திறக்குமுன் கால்வாசிப் பேர் திரும்பினால் 750 பேர். ஒருவர் சராசரியாக 1.4 பக்கம் பார்த்தால் 1,050 பக்கப் பார்வைகள். தமிழ்ப் பக்கம் ஒன்றுக்கு ஆயிரம் பார்வைக்கு 1 டொலர் கிடைப்பதாகக் கொண்டால் வரவு 1.05 டொலர். போட்டது பத்து, வந்தது ஒன்று. இந்த நிலையில் கைநட்டம் வராமலிருக்க ஒரு கிளிக்கை ஒரு சதத்தின் பத்திலொரு பங்குக்கு வாங்க வேண்டும். அந்த விலைக்கு உண்மையான மனிதர் கிடைக்கமாட்டார்.

திருத்தக்கூடியவை இல்லாமலில்லை. விளம்பரம் போடும்போது 'லிங்க் கிளிக்' என்பதை விட்டு 'லேண்டிங் பேஜ் வியூ' (அழுத்தியவரை அல்ல, பக்கம் திறந்தவரை எண்ணுவது) என்பதைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். அதற்குத் தளத்தில் பிக்சல், அதாவது வருவோரைப் பேஸ்புக்குக்குத் தெரிவிக்கும் சிறு நிரல், நிறுவியிருக்க வேண்டும். பேஸ்புக்குக்கு வெளியே பிற செயலிகளில் விளம்பரம் காட்டும் ஓடியன்ஸ் நெட்வேர்க்கை நிறுத்திவிடுங்கள், விளையாட்டுச் செயலிகளில் கை தவறி விழும் கிளிக்குகள் அங்கிருந்துதான் நிறைய வரும். படங்களை 100 கிலோபைற்றுக்குள் சுருக்குங்கள். தலைப்புக்குக் கீழே மூன்று விளம்பரத்தை அடுக்கி, கட்டுரையைத் தேடவைக்காதீர்கள். பணம் கொடுத்து வரவழைக்கும் பக்கங்களுக்கு அட்சென்ஸில் தனி யுஆர்எல் சனல் (பக்க வாரியாக வருமானத்தைப் பிரித்துக் காட்டும் வசதி) வைத்தால், எந்தப் பக்கம் சாப்பிடுகிறது, எது சம்பாதிக்கிறது என்று தெரியும்.

இத்தனையும் செய்து 900 பேர் வந்து, ஆளுக்கு 2 பக்கம் பார்த்தாலும் கிடைப்பது 1.80 டொலர். அதாவது, காசு கொடுத்து ஒருமுறை வரவழைத்த ஒருவர் ஆறு தடவையாவது வந்தால்தான் போட்ட காசு மீளும். பிந்திய ஐந்தும் இலவசமாக வரவேண்டும். கடந்தகால வினாத்தாள், அரச வேலை வெற்றிடம் போன்றவற்றைத் தேடுபவர் திரும்ப வருவார். 'அதிர்ச்சித் தகவல்' என்ற தலைப்புக்கு வந்தவர் வரமாட்டார். உங்கள் பாடத்தில் இரண்டாவது வகைத் தலைப்பு எழுதத்தான் பயிற்சி நடக்கிறது.

தமிழ் வாசகருக்காக ஏலம் கேட்கும் விளம்பரதாரர் குறைவு. அட்சென்ஸ் தமிழை ஏற்றதே 2018 பெப்ரவரியில்தான். ஆகவே அமெரிக்க வாசகரைப் பிடி, ஆங்கிலத்தில் எழுது என்பது அடுத்த பாடம். அங்கே வரவு கூடினால் கிளிக் விலையும் கூடும். விளம்பரத்துக்காகவே கட்டப்பட்ட தளங்கள், தான் ஆராய்ந்த விளம்பரக் காட்சிகளில் 21 சதவீதத்தையும் விளம்பரச் செலவில் 15 சதவீதத்தையும் விழுங்குவதாக அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர் சங்கம் 2023இல் சொன்ன பிறகு, பெரிய நிறுவனங்கள் அப்படிப்பட்ட தளங்களைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டன. விளம்பரம் காட்டுவதையே நோக்கமாகக் கொண்ட பக்கத்துக்குக் கூகுளில் விளம்பரம் வாங்கும் சேவையான கூகுள் அட்ஸ் வழியாக ஆட்களை வரவழைப்பதையும் அதன் விதிகள் தடுக்கின்றன.

ஆபத்து இதற்குப் பிறகுதான். நட்டம் கண்ட மாணவன் '5 டொலருக்கு 10,000 பார்வையாளர்' என்பதைத் தேடுவான். வருவது மனிதரல்ல, தானாக ஓடும் இயந்திரங்கள். அட்சென்ஸ் முகப்பில் தெரிவது மதிப்பீட்டு வருமானம். மாதக் கணக்கு முடிக்கும்போது செல்லாத போக்குவரத்துக்கான (இயந்திர வருகை, போலிக் கிளிக் போன்றவற்றுக்கான) தொகை கழிக்கப்படும், கணக்கும் முடக்கப்படலாம். ஆட்களை வாங்கக் கொடுத்த காசு திரும்பாது.

இன்னொன்றும் நடக்கிறது: வட்ஸ்அப் குழுவில் ஒருவர் விளம்பரத்தை மற்றவர் அழுத்துவது. வகுப்பறையின் ஒரே வைபையிலிருந்து இருபது பேர் இருபது தளத்தை அழுத்தினால், அதைக் கண்டுபிடிக்கக் கூகுளுக்குப் பெரிய மூளை தேவையில்லை. இதை ஆசிரியரே ஒழுங்கு செய்தால், அந்த வகுப்பின் கணக்குகள் அத்தனையும் அவர் கையாலேயே போகும்.

வயதையும் கேளுங்கள். அட்சென்ஸ் கணக்கு எடுக்க 18 வயதாக வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது கிடையாது. பெற்றோர் பெயரில் எடுக்கலாம், பணம் அவர்களுக்கே போகும். வருமானம் 10 டொலரைத் தொட்டதும் விலாசத்தை உறுதிப்படுத்தும் பின் இலக்கம் தபாலில் வரும். அதை நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். படுவான்கரைப் பக்கம் வீட்டிலக்கம் இல்லாத வீடுகள் உண்டு. உப தபாலகத்தின் பெயரையும் விலாசத்தில் எழுதவைத்து, தபால்காரரிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

காசு எப்போது கைக்கு வரும் என்பதையும் சேருங்கள். ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 21 முதல் 26ஆந் திகதிக்குள் அனுப்பப்படும், அதுவும் 100 டொலர் சேர்ந்திருந்தால் மட்டும். பேஸ்புக் அப்படிக் காத்திருக்காது, குறித்த தொகை ஏறியதும் கடனட்டையில் எடுத்துவிடும். மேலே சொன்ன முதற் கணக்கின்படி நாளுக்கு 10 டொலர் போடும் ஒருவர் ஜனவரி 1இல் தொடங்கினால், 100 டொலர் சேர்வது ஏப்ரல் 6இல். முதற் பணம் மே 21க்குப் பிறகு வரும், ஏறத்தாழ 126 டொலர். அதற்குள் 1,400 டொலர் செலவு. அந்தச் செலவுக்கு நகையை அடகு வைத்திருந்தால் அதன் வட்டி வேறு. வங்கிக் கட்டணத்தை நாங்கள் கூட்டவே இல்லை.

இதே கருவியைக் கற்றவன் மருதமுனைக் கைத்தறிக் கடைக்கோ அறுகம்பே விருந்தினர் விடுதிக்கோ விளம்பரம் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்கலாம். ஒரு புடவை விற்றால் வரும் இலாபம் ஆயிரம் பக்கப் பார்வைக்கு வராது. பாதி நேரத்தை அதற்குக் கொடுங்கள். ஆர்பிட்ராஜைக் கற்பித்தே ஆகவேண்டுமென்றால் நாளுக்கு 5 டொலர், ஏழு நாள், மொத்தம் 35 டொலர் என்று எல்லை போட்டு, வந்தது செலவில் பாதியைத் தொடாவிட்டால் எட்டாம் நாள் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த பிரிவுக்கு ஆள் சேர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் மதிப்பீட்டு வருமானத்தின் ஸ்கிரீன்ஷொட்டைப் போடாதீர்கள். பணம் வந்து சேர்ந்த கொடுப்பனவுப் பக்கத்தையும், அதே மாதத்துப் பேஸ்புக் விளம்பரப் பற்றுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இணைய விளம்பரத் தொழில் செய்வோர் சிலர்