அப்பாருடைய லைட்டரைத் தேய்க்காதே

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பின போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். உங்கப்பாரு, அதாவது என்னைப் பெற்ற எங்கய்யன், வைத்திருந்த லைட்டர் அசல் ஜிப்போ கம்பெனி லைட்டர்தான். லீட்ஸில் விலைக்குக் கேட்கிற ஆளுக்கு இப்போதைக்குப் பதில் சொல்லாதே. பளபளவென்று ஆக்கிக் காட்டினால் கூட விலை வருமா என்று கேட்டிருக்கிறாய். அதை மட்டும் செய்துவிடாதே, சாமி. பிராஸோ பாலிஷும் வேண்டாம், நம் வீட்டில் பித்தளைக் குடத்துக்குப் போடுகிற புளியும் வேண்டாம். அதன் உடம்பு பித்தளை, மேலே மெல்லிசான குரோம் முலாம். ஓரத்தில் மஞ்சளாகத் தெரிவது அழுக்கு இல்லை. வருஷக்கணக்கில் எங்கய்யன் சட்டைப் பையில் கிடந்து முலாம் தேய்ந்த இடம். பழைய லைட்டர் சேர்க்கிறவர்கள் அந்தத் தேய்மானத்தை ஏற்றுக்கொள்வார்கள். புதிதாகத் தேய்த்துப் பளபளக்கிறதைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மெத்தென்ற துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

எந்த வருஷத்துப் பொருள் என்பது அடியிலேயே இருக்கிறது. ஜிப்போ என்ற எழுத்துக்கு இடமும் வலமும் நான்கு நான்கு நெட்டுக்கோடுகள் தெரிகிறதா? 1950களின் நடுவிலிருந்து அந்தக் கம்பெனி புள்ளியும் கோடுமாகத்தான் வருஷத்தைக் குறித்தது. இரண்டு பக்கமும் நான்கு நெட்டுக்கோடு என்றால் 1966. அடுத்த வருஷம் ஒரு பக்கத்தில் ஒரு கோட்டைக் குறைத்தார்கள். அப்படியே குறைந்துகொண்டே வந்து 1973-இல் ஒரே ஒரு கோடு. 1974-இல் சாய்வுக்கோடு வந்தது, 1986-இல் ரோமன் எண். அதே அடியில் 2517191 என்று காப்புரிமை எண் இருக்கிறது பார், அதை 1967 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். கோடும் எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதால்தான் அசல் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

அடியில் பிராட்ஃபோர்டு என்று இருப்பதை வைத்து, இங்கிலாந்தில் உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கிற பிராட்ஃபோர்டில் செய்தது என்று அந்த ஆள் சொன்னாராமே. கிடையாது. இது அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிற பிராட்ஃபோர்டு. ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் என்பவர் 1932-இல் அங்கே கம்பெனியைத் தொடங்கினார். மறு வருஷம் வந்த முதல் லைட்டரின் விலை 1.95 டாலர். இதுகூடத் தெரியாமல் விலை பேசுகிறவர் கையில் இதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து, திரியும் சக்கரமும் இருக்கிற உள்கூட்டைப் பிடித்து மேலே இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். வெளிக்கூடு பழையதாகவும் உள்ளே பிற்பாடு மாற்றினதாகவும் இருந்தால் விலை குறையும். அதிலும் அதே காப்புரிமை எண் இருக்கிறதா, சக்கரத்தைச் சுற்றி இருக்கிற காற்றுத் தடுப்பில் பக்கத்துக்கு எட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ அனுப்பு. அடிப்பஞ்சை ஒதுக்கினால் ஒரு திருகாணி தெரியும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு வரும், பின்னாலேயே தீப்பொறி தருகிற கல் விழ வேண்டும். இரும்பும் சீரியம் என்ற உலோகமும் கலந்த அந்தக் கல்லை ஆஸ்திரியாக்காரர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் கண்டுபிடித்தார். பல வருஷம் சும்மா கிடந்தால் அது ஊதிப் பொடிந்து, தான் இருக்கிற குழாயை அடைத்துவிடும். தாராபுரத்தில் வாட்ச் கடை வைத்திருந்தபோது, அந்தக் குழாயை ஊசியால் குத்திக் கெடுத்துக்கொண்டு வந்த லைட்டர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கல் விழாவிட்டால் குத்தாதே. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவிடு. கம்பெனிக்கு அனுப்பினால் இலவசமாகவே சரிசெய்து கொடுப்பார்கள், ஆனால் பழைய உள்கூட்டுக்குப் பதில் வேறொன்று வந்தாலும் வரும். அதனால் அனுப்ப வேண்டாம்.

சரி, விலைக்கு வருகிறேன். ஒருவர் கேட்கிற விலையும் பொருள் நிஜமாகவே விற்ற விலையும் வேறு வேறு. ஏலத்தில் விற்று முடிந்ததை மட்டும் பார், அதுவும் இதே வருஷம், இதே குரோம், இதே அளவு தேய்மானம் உள்ளதாக. சாதாரண குரோம் ஜிப்போ எக்கச்சக்கமாகச் செய்தார்கள், அதனால் 1966 என்பதற்காகப் பெரிய பணம் வராது. 1933-இன் முதல் லைட்டர்கள், போர்க்காலத்தில் பித்தளை கிடைக்காமல் இரும்பில் செய்து கறுப்புப் பெயிண்ட் அடித்தவை, அசல் வெள்ளியில் செய்தவை, இவற்றுக்குத்தான் பெரிய விலை. வியட்நாம் போர் வாசகம் பொறித்தது என்று சொல்லி விற்பதில் போலி மிக அதிகம், அந்தப் பக்கம் போகாதே.

முன்பக்கத்தில் இரண்டு எழுத்து பொறித்திருக்கிறதே, அழித்தால் விலை கூடும் என்று அந்த ஆள் சொன்னதை நம்பாதே. யாருடையது என்று தெரியாத எழுத்து விலையைக் கொஞ்சம் குறைக்கும்தான். ஆனால் இது யாருடையது என்று நமக்குத் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி எங்கய்யன் லாரி ஓட்டின காலத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை ஊருக்குக் கிளம்பும்போது தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அய்யன் பீடியைக்கூட அதில்தான் பற்ற வைப்பார், பெட்ரோல் வாடை வீடெல்லாம் அடிக்கும்.

உனக்குப் பணத் தேவை இருந்தால் கூச்சப்படாமல் சொல், நான் அனுப்புகிறேன். இல்லை, விற்றுத்தான் ஆக வேண்டும் என்றாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் துரை கொடுத்த கதையை ஒரு தாளில் எழுதி லைட்டரோடு சேர்த்துக் கொடு. முதலில் உள்கூட்டின் போட்டோவை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த எண்ணைப் படித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா