பழைய கணினி: முதலில் திறந்து பாருங்கள், பிறகு மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளைத் தேடி வாங்குவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. ஆனால் அதில் 'வாங்கியதும் மின் இணைப்புக் கொடுத்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்' என்றொரு வரி இருந்தது. அந்த யோசனையைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம். முப்பது, நாற்பது ஆண்டு பழைய இயந்திரத்துக்கு அதைவிடக் கெடுதலான வரவேற்பு இல்லை.

பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் ரிஃபா நிறுவனத்தின் காகித மின்தேக்கிகளின் (கெப்பாசிட்டர்களின்) மஞ்சள் நிற மேலுறை காலப்போக்கில் விரிசல் விடும். உள்ளே ஈரம் ஏறும். இணைப்புக் கொடுத்த சில நிமிடங்களில் வெடித்துப் புகையும். மதர்போர்டில் 12 வோல்ட் வரும் வழியில் உள்ள டான்டலம் மின்தேக்கிகளும் இப்படித்தான் ஷார்ட் ஆகும். காமடோர் 64 என்ற வீட்டுக் கணினியுடன் வந்த பழைய பவர் சப்ளை இன்னும் மோசம்: அது பழுதாகும்போது 5 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து மெமரி சிப்களைக் கொன்றுவிடும். ஆகவே பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவியில்) பாருங்கள். 5 வோல்ட் வழியின் அளவு 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருந்தால்தான் போர்டில் செருகலாம். பிசி வகை சப்ளைகள் பளு இல்லாமல் சரியாக ஓடாது. உதவாத பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டிவிட்டு அளக்க வேண்டும். ஏடி எனும் பழைய பிசி வகைப் போர்டில் இரண்டு பவர் கனெக்டர்களையும் திரும்பச் செருகும்போது கருப்பு வயர்கள் நடுவில் சேர்ந்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டே போய்விடும்.

அடுத்தது பேட்டரி. 286, 386, 486 வகைப் பிராசஸர் கொண்ட பிசி போர்டுகளில் கீபோர்டு கனெக்டருக்கு அருகே பீப்பாய் வடிவில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். காமடோர் நிறுவனத்தின் அமிகா 2000, அமிகா 500 பிளஸ் கணினிகளின் போர்டுகளிலும், அமிகா 500-இன் அடிப்பக்கம் செருகும் 512 கிலோபைட் மெமரி போர்டிலும் இதே பேட்டரிதான். அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு; செப்புத் தடங்களையும் சாக்கெட் பின்களையும் அரித்துக்கொண்டே போகும். கணினி ஓடினாலும் வெட்டி எடுத்துவிடுங்கள். பச்சை படிந்த இடத்தை வினிகரால் துடைத்து, தண்ணீரில் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு, நன்றாகக் காயவிடுங்கள்.

இனி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் வேலை. எதையும் பிடுங்குவதற்கு முன் ஒவ்வொரு கார்டையும், அதன் ஜம்பர்கள் (அமைப்பை மாற்றப் பின்கள் மேல் செருகும் சிறு மூடிகள்) இருக்கும் நிலையையும், கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்பதையும் படம் எடுத்துவிடுங்கள்.

சிப்பின் மேல் உள்ள நான்கு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த தேதி: 9123 என்றால் 1991-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆனால் 8250 என்று கண்டதும் 1982 என்று முடிவு கட்டக் கூடாது. அது சீரியல் போர்ட் சிப்பின் பெயராகவும் இருக்கலாம். போர்டு முழுக்க 1988-ஆக இருக்க, ஒரு வரிசைச் சிப்கள் மட்டும் 1991 என்று காட்டினால், அவை பிறகு சேர்க்கப்பட்டவை. முந்தைய உரிமையாளர் என்ன மாற்றினார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

மெமரியை எண்ணியே கணக்கிடலாம். 4164 என்பது 64 கிலோபிட், 41256 என்பது 256 கிலோபிட்; ஒன்பது சிப் ஒரு பேங்க் (தொகுதி), அதில் ஒன்பதாவது பாரிட்டிக்கு, அதாவது பிழை கண்டறிய. 41256 இரண்டு பேங்க், 4164 இரண்டு பேங்க் இருந்தால் 512-உம் 128-உம் சேர்ந்து 640 கிலோபைட். பெயருக்குப் பின்னால் -15 என்றிருந்தால் 150 நானோ விநாடி, -12 என்றால் 120. பிற்காலத்து 30 பின் சிம் (சிப்கள் பதித்த சிறு பலகை) மெமரியை 386டிஎக்ஸ், 486 போர்டுகளில் நான்கு நான்காகவும், 286, 386எஸ்எக்ஸ் போர்டுகளில் இரண்டிரண்டாகவும் செருக வேண்டும். மூன்று மட்டும் செருகியிருந்தால் யாரோ ஒன்றை உருவிவிட்டார்கள் என்று பொருள்.

பிராசஸர் மாற்றம் எளிதில் கண்ணில் படாது. எக்ஸ்டி (ஐபிஎம்மின் தொடக்ககாலப் பிசி வகை) போர்டில் இன்டெல் 8088 இருக்க வேண்டிய சாக்கெட்டில் டி70108 என்று அச்சிட்ட சிப் இருந்தால் அது என்இசி வி20. அந்தக் காலத்தில் பலரும் செய்த வேக மேம்பாடு. பக்கத்துச் சாக்கெட்டில் 8087 (கணக்கிடும் துணைப் பிராசஸர்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தும் மென்பொருள் 'இல்லை' என்று சொன்னால், ஐபிஎம் எக்ஸ்டியில் மதர்போர்டில் உள்ள சிறு டிப் சுவிட்சுகளில் இரண்டாவதைச் சரிபாருங்கள்.

386-இல் ஆஸிலேட்டரின் (பிராசஸருக்குத் தாளத் துடிப்பு தரும் சிறு பாகத்தின்) எண் பிராசஸரின் வேகத்தைப்போல் இரு மடங்கு. 66 என்று அச்சிட்டிருந்தால் கணினி 33 மெகாஹெர்ட்ஸ்தான். 486-இல் நேர்மாறு: 66 மெகாஹெர்ட்ஸ் டிஎக்ஸ்2 ஓடும் போர்டில் 33-தான் இருக்கும். 14.31818 என்பது எந்தப் பிசியிலும் இருக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 5 வோல்ட் மட்டும் தரும் 486 போர்டில் பிராசஸர் சிறு போர்டு ஒன்றின் மேல் உயர்ந்து நின்றால், அது பெரும்பாலும் 3.3 வோல்ட் டிஎக்ஸ்4-க்கான வோல்ட்டேஜ் குறைப்பான். இரண்டையும் பிரித்து, பிராசஸரை நேராகச் சாக்கெட்டில் வைத்தால் அது எரிந்துவிடும்.

பெயரே இல்லாத கார்டில் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) ஐடி எண்ணைத் தேடுங்கள். அதன் முதல் மூன்று எழுத்துகள் உரிமம் பெற்ற நிறுவனத்தின் குறியீடு. அந்த ஆணையத்தின் தரவுத்தளத்தில் தேடலாம். பின்புறம் 9 பின் மானிட்டர் கனெக்டர் இருந்தால் மோனோ, சிஜிஏ, இஜிஏ என்ற மூன்று திரை வகைகளில் எதுவும் ஆகலாம். கார்டைப் பார்க்காமல் மானிட்டரை மாட்டாதீர்கள், தவறான மானிட்டர் கெட்டுவிடக்கூடும். 20 பின், 34 பின் என இரண்டு கேபிள்களில் ஓடும் பழைய ஹார்டு டிஸ்க்கை அதன் கன்ட்ரோலர் கார்டிலிருந்து பிரிக்கவே கூடாது. வேறு கன்ட்ரோலரில் அந்தத் தகவலைப் படிக்க முடியாமல் போகலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மின்சாரம். டாஸ் 6 இயங்குதளத்துடன் வந்த எம்எஸ்டி போன்ற சோதனை மென்பொருள் பயன்படும். ஆனால் ஜம்பர் தவறாக இருக்கும் கார்டு அதன் கண்ணில் படாமல் போகலாம். ஐடிஇ வகை ஹார்டு டிஸ்க்கின் அமைப்பைப் பயாஸ் (கணினியைத் தொடக்கும் நிரல்) மறந்திருந்தால், சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் பெரும்பாலும் டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும். டிஸ்க் ஓடினால் அழித்து ஃபார்மாட் செய்யாதீர்கள். முழுப் பிரதி எடுத்த பிறகு கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸிக்.பேட் என்ற தொடக்க அமைப்புக் கோப்புகளைத் திறந்து படியுங்கள். அடையாளம் தெரியாத கூடுதல் மெமரி கார்டின் டிரைவர் பெயரும் முகவரியும் அங்கே எழுதியிருக்கலாம். 'செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1' என்ற வரி இருந்தால், சவுண்ட் கார்டு முகவரி 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1 என்று அமைத்திருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். கார்டு இப்போது உள்ளே இல்லையென்றாலும், முன்பு இருந்தது என்பதற்கு அந்த வரி சாட்சி.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பழுது பார்க்கும் வாசகர்கள்