ஒரு வருஷம்தானேன்னு சொல்லாத பாப்பா

பாப்பா,

போன்ல எத கேட்டாலும் நீ ஒரே பதில்தான் சொல்ற, ஒரு வருஷம்தானப்பா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு. எட்டு பேர் படுக்குற ஹாஸ்டல் ரூம், ஒரு வருஷம்தானே. சம்பளத்த கவர்ல போட்டு கையில குடுக்குறாங்க, ஒரு வருஷம்தானே. பக்கத்துல யாரு இருக்காங்கன்னே தெரியாது, அதுக்கும் அதே பதில். இத போன்ல பேச ஆரம்பிச்சா நீ ஷிப்ட்டுக்கு கிளம்பிடுவ, வாய்ஸ் மெசேஜ் போட்டா டபுள் ஸ்பீடுல ஓட்டிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் இருக்கும், பஸ்ல போறப்ப படி.

அந்த ஒரு வருஷம் ஒண்ணும் சும்மா வந்ததில்ல. ஆஸ்திரேலியாவுல ஒரு வருஷம் தங்கி வேலை பாக்க விடுற அந்த ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவ இந்தியாக்காரங்களுக்கு திறந்து விட்டதே 2024லதான், வருஷத்துக்கு 1,000 பேரு, அதுவும் குலுக்கல்ல பேரு விழணும். இந்த நாட்டுல இருந்து எத்தன பிள்ளைங்க போட்டிருக்கும், உன் பேரு விழுந்துச்சு. அத வச்சுக்கிட்டு வருஷம் பூரா ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல இருக்குற மாதிரி இருந்துட்டு வந்துடாத.

ஹார்பர் வேலையில நான் பாத்ததச் சொல்றேன். கப்பல்ல வர்ற பசங்கள்ல சில பேரு கேட்டுக்கு வெளிய இருக்குற டீக்கடை, சிம் கடை, அதோட திரும்பிடுவாங்க, அவங்களுக்கு உலகத்துல எல்லா ஊரும் ஒரு கேட்டுதான். சில பேரு ரெண்டே நாள் நின்னாலும் எந்த பஸ் எங்க போகுதுன்னு விசாரிச்சிருப்பாங்க, சர்ச்சுக்கு போயிருப்பாங்க, சலூன்காரர் பேரு வரைக்கும் தெரிஞ்சிருக்கும். அப்படிப்பட்ட பையன் சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டு வரலேன்னா, என்னய்யா அந்த பிலிப்பைன்ஸ் பையன காணோம்னு தேட ஒரு ஆள் இருக்கும். நீ ரெண்டு நாள் வேலைக்கு வரலேன்னா நீ இருக்குற கெய்ர்ன்ஸ்ல யாரு தேடுவாங்க, யோசிச்சு சொல்லு.

சரி, கடலுக்கு வர்றேன். எனக்கு பெரிய பயமே அதுதான். ஏன்னா உனக்கு கடல் தெரியும். கடல் தெரியாத பிள்ளைன்னா பயந்து தள்ளி நிக்கும், நீ துறைமுகத்து பிள்ளை, தண்ணிய பாத்த உடனே செருப்ப கழட்டுவ. அங்க கடல் அமைதியா இருக்குன்னு நீ அனுப்புன வீடியோ பாத்தேன். நம்ம மன்னார் வளைகுடாவுல தீவும் பவளப்பாறையும் அலைய தடுக்குற மாதிரி அங்க கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கிலோமீட்டருக்கு கிடக்குது, அதுல முட்டி அலை செத்துப்போய்தான் கரைக்கு வருது. அமைதிக்கு காரணம் அதுதான், ஆபத்து இல்லேன்னு அர்த்தமில்ல. அங்க அலைய விட தண்ணிக்குள்ள இருக்குறதுதான் பிரச்சன.

நம்ம கரையில சொறின்னு சொல்ற ஜெல்லிமீன் பட்டா பெரும்பாலும் அரிக்கும், ரெண்டு நாள் தடிச்சு கிடக்கும், போயிடும். அங்க நவம்பர்ல இருந்து மே வரைக்கும் ஸ்டிங்கர் சீசன்னு சொல்றாங்கள்ல, அந்த பாக்ஸ் ஜெல்லிமீன் கையி மூணு மீட்டர் வரைக்கும் நீளும், நல்லா பட்டுச்சுன்னா நிமிஷக்கணக்குல உயிரே போயிடும். இன்னொண்ணு இருக்கு, இருகாஞ்சின்னு, ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்கு தெரியாது, கொட்டுனா கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அரை மணி நேரம் கழிச்சு முதுகு வலி, வாந்தி, பிரஷர் எகிறிடும். இதுதான் அத செய்யுதுன்னு கண்டுபிடிச்சது உங்க ஊர் டாக்டர்தான், ஜாக் பார்ன்ஸ்னு பேரு. 1961ல அந்த குட்டி ஜெல்லிய பிடிச்சு தனக்கு கொட்ட வச்சு, பத்தாததுக்கு தன்னோட ஒன்பது வயசு மகனுக்கும், கரையில இருந்த ஒரு லைஃப்சேவர் பையனுக்கும் கொட்ட வச்சு, மூணு பேரும் ஆஸ்பத்திரியில கிடந்திருக்காங்க. ஜெல்லிக்கு அவர் பேரையே வச்சிட்டாங்க. பெரிய ஆராய்ச்சிதான், இல்லேங்கல, ஆனா அந்த பையனோட அம்மா அன்னிக்கு வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்கன்னுதான் எனக்கு மண்டைக்குள்ள ஓடுது.

அதனால சீசன்ல வலை கட்டியிருக்குற இடத்துல மட்டும், சிவப்பு மஞ்சள் கொடி நடுவுல மட்டும் இறங்கு. வலை பெரிய ஜெல்லிய தடுக்கும், இருகாஞ்சி அதுக்குள்ளயும் பூந்து வரும், அதனால அந்த உடம்பு பூரா மூடுற லைக்ரா சூட்ட போட்டுக்கோ, பாக்க காமெடியா இருக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சா சிரிக்கட்டும். பீச்சுல வினிகர் பாட்டில் வச்சிருப்பாங்க, கொட்டுனா தேய்க்காம அத தாராளமா ஊத்தணும், உடனே அவசர நம்பர் 000க்கு போன். லைஃப்கார்டு கிட்ட போய் இன்னிக்கு இறங்கலாமான்னு கேக்குறதுக்கு கூச்சப்படாத, அவங்க சம்பளம் வாங்குறதே அதுக்குத்தான். அந்த கடலோர ரோடு, எஸ்பிளனேடு, அதுக்கு முன்னாடி சேறுதான், பறவைங்களுக்கு நல்லது, நமக்கு இல்ல, அங்க முதலையும் வரும். நம்ம ஊர் ஆத்து முதலை இல்ல, உவர் தண்ணி முதலை, ஆத்து வாய்லயும் பீச்சுலயும் கூட திரியும். தண்ணி ஓரத்துல இருந்து அஞ்சு மீட்டர் தள்ளி நில்லுன்னு உங்க மாநிலம் குயின்ஸ்லாந்து அரசாங்கமே சொல்லுது, போர்டுல ஜெர்மன்ல கூட எழுதி வச்சிருக்கான், எவன் படிக்காம இறங்கி மாட்டுனானோ. குளிக்கணும்னு ஆசையா இருந்தா எஸ்பிளனேட்லயே அந்த லகூன் இருக்கே, 4,800 சதுர மீட்டர் உப்புத்தண்ணி குளம், 2003ல கட்டுனது, காசு கிடையாது, காவலுக்கும் ஆள் இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு அங்க போ.

புயல் பத்தி உனக்கு சொல்லணும்னு இல்ல, ஆனா நீ அங்க வாடகைக்கு வீடு பாக்குற ஆளு மாதிரி யோசிக்கணும், டூரிஸ்ட் மாதிரி இல்ல. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கேட்டகரி. 2011ல யாசின்னு அஞ்சாம் நம்பர் புயல் வந்தப்ப கெய்ர்ன்ஸ் ஆஸ்பத்திரி நோயாளிங்களையே பிளேன்ல ஏத்தி பிரிஸ்பேனுக்கு அனுப்பிட்டாங்க, கடைசியில அது தெக்க மிஷன் பீச் பக்கம் கரை ஏறிடுச்சு. 2023 டிசம்பர்ல ஜாஸ்பர் வந்துச்சு, கரை ஏறும்போது கேட்டகரி ரெண்டுதான், எல்லாரும் அப்பாடான்னு இருந்தாங்க, அப்புறம் அது நகராம நின்னு நாள் கணக்குல மழைய கொட்டி ஏர்போர்ட்டே முழுகிடுச்சு, சின்ன பிளேனெல்லாம் தண்ணியில நின்ன போட்டோ தேடிப்பாரு. காத்து நம்பர மட்டும் பாத்து தூங்கிடாதன்னு சொல்ல வர்றேன். ரூம் பாக்கும்போது கவுன்சில் வெப்சைட்டுல, புயல்ல கடல் தண்ணி எதுவரைக்கும் வரும்னு காட்டுற ஸ்டார்ம் டைட் மேப் இருக்கும், அந்த தெரு எந்த கலர்ல வருதுன்னு பாரு, காலி பண்ண சொன்னா எங்க போகணும்னு ஹாஸ்டல்காரங்ககிட்ட இப்பவே கேட்டு வை. ஹாஸ்டல்ல பாதி பேருக்கு அது தெரியாது, எழுதி தரேன்.

ரூம் பத்தி. ஹாஸ்டல் ஒரு மாசத்துக்கு சரி, அதுக்கு மேல உடம்பும் மனசும் கெடும், சுத்தி இருக்குறவங்க எல்லாரும் நாளைக்கு கிளம்புறவங்களா இருந்தா உனக்கும் கால் தரையில பாவாது. மனுண்டா, எட்ஜ் ஹில் பக்கம் ஷேர் வீட்டுல ஒரு ரூம் பாரு. தூரம்னு நினைக்காத, குயின்ஸ்லாந்துல பஸ் டிக்கெட் 50 சென்ட்தான். நேர்ல பாக்காம யாருக்கும் ஒரு பைசா அனுப்பக் கூடாது. அட்வான்ஸ பாண்டுன்னு சொல்லுவாங்க, பொதுவா நாலு வார வாடகைக்கு மேல கேக்க கூடாது, அது வீட்டுக்காரர் பாக்கெட்டுலயும் இருக்க கூடாது, ஆர்டிஏன்னு ஒரு அரசாங்க அமைப்பு இருக்கு, பத்து நாளைக்குள்ள அங்க கட்டிடணும், உனக்கு அங்க இருந்து தகவல் வரும். வரலேன்னா கேளு. குடி போற அன்னிக்கே சுவரு, பாத்ரூம், மெத்தை எல்லாத்தையும் போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வை.

இப்ப அந்த கவர் சம்பளம். இதுலதான் எனக்கு கோவமே வருது, உன் மேல இல்ல. 2025 ஜூலை 1ல அங்க தேசிய குறைந்தபட்ச கூலிய மணிக்கு 24.95 டாலர் ஆக்குனாங்க, கேஷுவல்னா அதுக்கு மேல 25 சதவீதம் கூட, உன் வேலைக்கு சரியா எவ்வளவுன்னு கூலி விஷயத்த பாக்குற அரசாங்க அமைப்பு ஃபேர் ஒர்க்கோட வெப்சைட்டுல கணக்கு போட்டு பாக்கலாம், ஞாயித்துக்கிழமைக்கு வேற ரேட்டு. கையில காசா குடுக்குறது தப்பில்ல, ஆனா சம்பளம் குடுத்து ஒரு வேலை நாளைக்குள்ள பேஸ்லிப் குடுக்கணும், அது சட்டம். அது போக உன் பேர்ல சூப்பர்னு, நம்ம பிஎஃப் மாதிரி, முதலாளி 12 சதவீதம் தனியா கட்டணும். நாட்ட விட்டு கிளம்பும்போது அத எடுத்தா உன் விசாவுக்கு 65 சதவீதம் வரி புடிச்சுக்குவான், அநியாயம்தான், ஆனாலும் மிச்சம் 35 உன்னோட காசு, அத ஏன் கடைக்காரருக்கு விடணும். ஏதாவது கேட்டா விசா போயிடும்னு அங்க ஒரு பொண்ணு சொன்னான்னு சொன்னியே, அந்த விசா உன் பேர்ல இருக்கு, முதலாளி கையில இல்ல, அவரால கேன்சல் பண்ண முடியாது. சண்டை போட சொல்லல. மரியாதையா, எழுத்துல, எனக்கு பேஸ்லிப் வேணும்னு ஒரு மெசேஜ் போடு. என்னிக்கு எத்தன மணி நேரம் பாத்தன்னு போன்ல குறிச்சுக்கிட்டே வா. குடுக்கலேன்னா வேற கடை பாரு, டூரிஸ்ட் ஊருல தட்டு தூக்க ஆள் தேடாத கடை எது.

உடம்புக்கு வந்தா மெடிகேர்ங்குற அரசாங்க வைத்திய வசதி நமக்கு கிடையாது, இங்கிலாந்து, இத்தாலி பிள்ளைங்களுக்கு இருக்கேன்னு அவங்கள பாத்து நீயும் அசால்ட்டா இருக்காத. இன்சூரன்ஸ் பாலிசி பிடிஎஃப் எனக்கு ஒண்ணு அனுப்பு. வெயில் விஷயத்துல நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைப்பு இருக்கும், அங்க வெயில்ல வர்ற யுவி கதிர் அளவு மூணு ஆனாலே மூடிக்கோன்னு சொல்றாங்க, கெய்ர்ன்ஸ்ல மூணு ஆகாத நாளே பாக்க முடியாது போல. அப்புறம் சாயங்காலம் கூட்டமா பறக்குற அந்த பழந்தின்னி வவ்வால், அழகா இருக்குன்னு வீடியோ போட்ட, நல்லா பாரு, ஆனா கீழ விழுந்து கிடந்தாலும் தொடாத, அதுல வெறிநாய் கிருமி வகையில ஒண்ணு இருக்கு, நீ வேற தெருவுல கிடக்குற எல்லாத்தையும் தூக்குற ஆளு. பார்சல் அனுப்பட்டான்னு அம்மா கேட்டா, இலை விதை எதுவும் வைக்காதன்னு சொல்லிட்டேன், அங்க பிரிச்சு பாப்பாங்க. வெள்ளி, சனி, ஞாயிறு ரஸ்டிஸ் மார்க்கெட் நடக்குது, அதெல்லாம் அங்க போய் நீயே தேடு. ஒரே கடையில வாங்கு, நாலாவது வாரம் அந்த அம்மா உன் பேரு கேக்கும்.

ஏட்டி, இதத்தான் நான் மெயினா சொல்ல வந்தேன், மத்தது எல்லாம் நெட்டுல கிடைக்கும். ஊருக்காரங்க ஹாஸ்டல் பிள்ளைங்ககிட்ட ஒட்ட மாட்டேங்குறாங்கன்னு வருத்தப்பட்டல்ல, அவங்க பக்கம் யோசிச்சுப்பாரு, வருஷா வருஷம் வந்து வந்து போறவங்கள எத்தன பேருன்னு பழகுறது. நீதான் இருக்கப்போற ஆளு மாதிரி நடந்துக்கணும். சர்ஃப் லைஃப்சேவிங் கிளப்புல வாலண்டியர் எடுப்பாங்க, ட்ரெயினிங்கும் குடுப்பாங்க, உனக்கு நீச்சல் தெரியும், போய் கேளு. வாரத்துல ஒரு காலையில அங்க நின்னா கடலும் தெரிஞ்சுக்கலாம், கடல் தெரிஞ்ச ஆளுங்களும் பழக்கமாவாங்க. லைப்ரரி கார்டு எடு. எங்க வேலைக்கு போனாலும் ஒருத்தர்கிட்டயாவது நான் இன்ன இடத்துல தங்கியிருக்கேன்னு சொல்லி வை.

அப்புறம் ஒரு விஷயம், நீ இன்னும் சொல்லல, நானா கேக்குறேன். குறிப்பிட்ட வேலையில மூணு மாசம் பாத்தா ரெண்டாவது வருஷத்துக்கு விசா போடலாம், அதுக்கு குலுக்கல் கிடையாது, கெய்ர்ன்ஸ் இருக்குற வட பகுதியில ஹோட்டல் வேலையே அந்த கணக்குல வரும்னு படிச்சேன். பேஸ்லிப் இல்லாம பாத்த மாசத்த நிரூபிக்கறது கஷ்டம், கவர் சம்பளத்த பத்தி நான் இவ்வளவு எழுதுனதுக்கு அதுவும் ஒரு காரணம். இருக்கணும்னு தோணுச்சுன்னா இரு, எனக்கு சம்மதம். மே தாண்டி மழை விட்டதும் நாங்க வந்து பாக்குறோம், ஜூலை ஆகஸ்ட்ல உனக்கு எப்ப லீவு குடுப்பாங்கன்னு கேட்டு சொல்லு, டிக்கெட் விலை பாக்கணும். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கூப்பிட்டா அங்க ஒன்றரை, அதனால இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூப்பிடுறேன், எடு.

ரெண்டாவது வருஷம் பத்தி அம்மாகிட்ட நீயே பேசிடு. அப்பாவுக்கு முன்னாடியே தெரியும்னு மட்டும் சொல்லிடாத.

அப்பா